மேடும் சரிவும் மரமும்: மலைத்திடலில் கோல்ப் ஆடும் சூழ்ச்சி

சிம்பாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சாலை பிரியும் இடம் என்பது பொருள். சிம்பாங் பூலாயில் நின்று கிழக்கே பிரியும் சாலையைப் பற்றிக்கொண்டு ஏறினால், கம்போங் ராஜா வழியாகக் கேமரன் மலையை அடையலாம். அங்கே தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே, சுற்றிலும் காடு சூழ, 18 குழிகள் கொண்ட கோல்ப் திடல் ஒன்று இருக்கிறது. வடக்கே திரும்பி ஈப்போவைக் கடந்து சென்றாலோ, கிளேடாங் மலைத்தொடரின் அடிவாரத்தில் மேரு பள்ளத்தாக்குத் திடலைக் காணலாம். அதில் 27 குழிகள். இரண்டிலும் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு, அடர்ந்த மரங்களும் உண்டு.

சமதரைத் திடலில் ஆடிப் பழகி, ஓரளவு தேர்ந்தவர் என்று நண்பர்களிடம் பெயரும் வாங்கிய ஒருவர் இத்தகைய மலைத்திடலுக்கு முதன்முதலாகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 90 அடியில் ஆட்டத்தை முடிப்பவர் அன்று 105 அடியில் முடிப்பார். அவருடைய தோள்வலி ஒரே இரவில் குறைந்துவிட்டதா? இல்லை. மட்டை பழுதா? அதுவும் இல்லை. பின்னர் எங்கே போயின அந்தப் பதினைந்து அடிகள்? அவற்றுள் பெரும்பகுதி கையால் இழந்தவை அல்ல, அடிப்பதற்கு முன்னே கண்ணாலும் எண்ணத்தாலும் இழந்தவை என்பதே இக்கட்டுரையில் காட்ட விரும்புவது.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. தலைப்பில் உள்ள ‘சூழ்ச்சி’ என்ற சொல்லைக் கண்டு தமிழாசிரியர்கள் புன்னகை செய்திருக்கலாம். இன்று அது வஞ்சகத்தைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. பழந்தமிழில் அதற்கு ஆராய்ந்து எண்ணுதல் என்பதே பொருள். அந்தப் பழம்பொருளிலேயே இங்கு ஆளுகிறேன். அடுத்தது ‘அடி’ என்ற சொல். பந்தை அடிப்பதும் அடி, நீட்டலளவையில் பன்னிரண்டு அங்குலமும் அடி, மலையின் கீழ்ப்புறமும் அடி, நம் காலும் அடி. செய்யுளின் அடியை இங்கே இழுக்காமல் விட்டுவிடலாம். குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் நீளத்தையெல்லாம் மீட்டரிலேயே சொல்கிறேன். அடி என்றால் பந்தை அடிக்கும் அடிதான்.

மற்றவை எளியவை. ஆட்டம் தொடங்கும் மேடை தொடக்க மேடை. அங்கிருந்து புல் நறுக்கிய வழி புற்பாதை. அதன் இருமருங்கிலும் நறுக்காது விட்டது முரட்டுப்புல். கொடி நட்ட குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்தரையைக் குழித்தரை என்று குறிப்பேன். குழியின் வாய் அகலம் 108 மில்லிமீட்டர். பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது; எடை 45.93 கிராமுக்கு மிகலாகாது. ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லக்கூடாது என்னும் விதி 1938 முதல் இருந்து வருகிறது. மட்டையின் முகம் நிமிர்ந்திருந்தால் பந்து தாழ்ந்து நெடுந்தூரம் போகும்; மல்லாந்திருந்தால் உயர்ந்து குறுந்தூரம் போகும். பதினான்கு மட்டைகளின் வேறுபாடும் பெரும்பாலும் இந்தச் சாய்வின் வேறுபாடே.

கடற்கரையில் பிறந்து மலையேறிய ஆட்டம்

கோல்ப், ஸ்காத்லாந்தின் கடலோர மணல்மேடுகளில் வளர்ந்த ஆட்டம். செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலின் புற்பாதைகளில் மரத்தைக் காண்பது அரிது. அங்கே காற்றுத்தான் பகை. வெள்ளைக்காரர்கள் கீழை நாடுகளுக்கு வந்து, வெப்பம் தாங்காமல் மலைகளில் வாழிடம் தேடியபோது இவ்வாட்டமும் அவர்களோடு மலையேறிற்று. இலங்கையில் நுவரெலியா கோல்ப் கழகம் 1889-இலும், தமிழகத்தில் கொடைக்கானல் கோல்ப் கழகம் 1895-இலும் தோன்றின. கேமரன் மலை சற்றுப் பிந்தியது. வில்லியம் கேமரன் அப்பகுதியை அளக்கச் சென்றது 1885-இல். தாப்பாவிலிருந்து சாலை அமைந்தது 1931-இல். அதன் பின்னரே விடுதிகளும் திடலும் வந்தன.

ஆகவே மலைத்திடல் என்பது, இவ்வாட்டத்தின் பழைய இலக்கணத்துக்குப் புறனடை போன்றது. கடற்கரையில் ஆடுவோர் கேட்கும் கேள்வி, காற்று எப்படி என்பது. மலையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: கண் சொல்லும் தூரம் மெய்தானா? கால் எந்தத் தரையில் நிற்கிறது? மரங்களுக்கிடையே தெரியும் வழி உண்மையில் வழிதானா?

கண் சொல்லும் பொய்

குழித்தரை நமக்கு மேலே, மேட்டின்மேல் இருக்கிறது என்று கொள்வோம். கீழிருந்து பார்ப்பவனுக்குக் கொடியின் மேற்பாதி தெரியும். குழித்தரையின் பரப்புத் தெரியாது. அதன் பின்னே உயர்ந்த மரங்கள் நின்றால் அவை கொடியை முன்னுக்குத் தள்ளிக் காட்டும். எனவே இருக்கும் தூரத்தைக் காட்டிலும் குறைவாகவே மனம் மதிப்பிடுகிறது. அளவுகோல் வைத்துத் தூரத்தைச் சரியாக அறிந்துகொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. ஏனென்றால் பந்து நேர்க்கோட்டில் பறப்பதன்று. ஏறி, வளைந்து, இறங்குவது. இறங்கிக்கொண்டிருக்கும் பந்தை மேட்டுத்தரை இடையிலேயே சந்தித்துவிடுகிறது.

எவ்வளவு முன்னதாகச் சந்திக்கும்? கணக்காசிரியரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். பந்து 45 பாகைக் கோணத்தில் இறங்குமானால், தரை 12 மீட்டர் உயர்ந்திருக்கையில் பந்தும் 12 மீட்டர் முன்னதாகவே விழும். நிமிர்ந்த முகமுடைய நெடுமட்டையால் அடித்த பந்து இன்னும் தட்டையாக, ஏறத்தாழ 38 பாகையில் இறங்கும். அதற்கு இழப்பு 15 மீட்டர். மல்லாந்த குறுமட்டையின் பந்து 50 பாகையில் செங்குத்தாக இறங்கும். அதற்கு இழப்பு 10 மீட்டர்தான். ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் இடையே உள்ள தூர வேறுபாடு பலருக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர். ஆகவே 12 மீட்டர் மேட்டுக்கு ஒரு மட்டை கூட்டுவது போதும் என்று எண்ணுவது குறுந்தூரத்தில் சரி, நெடுந்தூரத்தில் பற்றாது. பள்ளத்தை நோக்கி அடிக்கும்போது இதே கணக்கு மறுதலையாகும். அங்கே பந்து வானில் கூடுதல் நேரம் நிற்பதால் காற்று அதைத் தள்ளுவதற்கும் கூடுதல் நேரம் கிடைக்கிறது என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

மலை உயரம் இன்னொரு வகையிலும் கணக்கில் நுழைகிறது. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். மெலிந்த காற்று பந்தைக் குறைவாகவே தடுக்கும். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு தூரம் கூடும் என்பது அனுபவத்தில் கண்ட அளவு. கேமரன் திடல் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,450 மீட்டர். அங்கே நூற்றுக்கு ஐந்து பங்கு கூடுதல். கொடைக்கானலில் இன்னும் மிகுதி. ஆனால் உயரத்தோடு குளிரும் வருகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. பந்தும் குளிரில் துள்ளல் குறையும். ஈப்போ வெயிலில் 200 மீட்டர் அடிப்பவர் கேமரனில் உயரத்தால் பத்து மீட்டர் பெற்று, குளிரால் மூன்று நான்கு மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். மழைக்காலத்துக் காற்று கனமானது, பந்தை அழுத்தும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. நீராவி உலர்ந்த காற்றைவிட எடை குறைந்தது. ஈரக்காற்று இம்மியளவு இலேசானதே. மழைநாளில் பந்து குறைவாகப் போவதற்குக் காரணம், நனைந்த தரையில் அது உருளாமையே.

இக்கணக்கையெல்லாம் கருவியிடம் விட்டுவிடலாமே என்று கேட்கலாம். ஒளிக்கதிரை அனுப்பித் தூரம் காட்டும் சிறு கருவிகள் இப்போது பலர் கையிலும் உள்ளன. 2019-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, திடல் நிருவாகம் தடுத்தாலொழிய, தூரம் அளக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். ஆனால் மேடு பள்ளத்தின் உயர வேறுபாட்டை அளக்கும் கருவிக்கு அவ்விதிகளில் இடம் இல்லை. அத்தகைய வசதி கருவியில் இருந்தால் அதை அணைத்து வைத்தே ஆட வேண்டும். மேட்டைக் கணித்தல் ஆட்டக்காரனின் திறமையைச் சேர்ந்தது என்று விதியமைத்தோர் கருதினார்கள் போலும்.

கால் அறிந்த மெய்

கண் பொய் சொல்லும். கால் பெரும்பாலும் சொல்லாது. சரிவில் நின்றவுடன் உடலின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பாதம் உடனே உணர்த்திவிடும். பால்மரக்காட்டு மேடுகளில் விடியற்காலை இருட்டில் நிரை பிடித்து வெட்டியவர்களும், சரிவில் பால்வாளி சுமந்து இறங்கியவர்களும் இதை நன்கு அறிவார்கள். திடலில் மட்டைப்பை சுமந்த நம்மவர்களுக்கும் இந்த அறிவு இருந்தது. பை சுமப்பவருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம் காதில் ‘கேடி’ என்று விழும். போலீஸ் குறிப்பேட்டுக் கேடிக்கும் இதற்கும் உறவில்லை. இது பிரெஞ்சு மொழியில் இளையவரைக் குறிக்கும் சொல் ஸ்காத்லாந்து வழியாக உருமாறி வந்தது. முதன்முதலாக மலையடித் திடல் ஒன்றில் நான் தடுமாறியபோது, பை சுமந்த முதியவர் ஒருவர், “வாத்தியார் ஐயா, பந்து எங்கே போகணும்னு அப்புறம் பார்க்கலாம். கால் எங்கே நிக்குதுன்னு முதல்ல பாருங்க” என்றார். அதற்குப் பிறகு நான் படித்த விளக்கங்களெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு உரை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வலக்கை ஆட்டக்காரரை வைத்துச் சொல்வோம். பந்து காலைவிட மேட்டில் இருந்தால் அடித்த பந்து இடப்புறம் செல்லும். காலைவிடப் பள்ளத்தில் இருந்தால் வலப்புறம் செல்லும். இதைப் பெரும்பாலோர் அறிவர். காரணத்தை அறிந்தவர் குறைவு. மட்டையின் முகம் மேல்நோக்கி மல்லாந்திருப்பது. சரிவுக்கேற்ப மட்டையைச் சாய்த்ததும், மேலே பார்த்த முகம் பக்கவாட்டில் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. நேராகப் பிடித்திருப்பதாக நாம் எண்ணியிருக்க, முகமோ வேறு திசையை நோக்கிக்கொண்டிருக்கிறது.

இதிலிருந்து ஒரு வியப்பான முடிவு பிறக்கிறது. முகம் எவ்வளவு மல்லாந்திருக்கிறதோ அவ்வளவு திசை விலகும். அதாவது, குறுமட்டைதான் கூடுதலாக வழிதவறும்! 5 பாகைச் சரிவில், 45 பாகை மல்லாந்த மட்டையால் 100 மீட்டர் அடித்தால் பந்து எட்டு ஒன்பது மீட்டர் விலகிவிடும். 20 பாகை மட்டையால் 170 மீட்டர் அடித்தாலும் விலகல் ஐந்து மீட்டரைச் சிறிது தாண்டும், அவ்வளவே. கிட்டத்தில்தானே இருக்கிறோம் என்று அலட்சியமாகக் கொடியையே குறிவைப்பவர் குழித்தரையையே தவறவிடுவது இதனால்தான். சரிவில் குறுமட்டை பிடித்தவர் நெடுமட்டை பிடித்தவரைவிட விலக்கிக் குறிவைத்தல் வேண்டும்.

ஏறுசரிவில் நின்று அடித்தால் பந்து உயர்ந்து, வழக்கத்தைவிடக் குறைவாகச் செல்லும். இறங்குசரிவில் தாழ்ந்து பாய்ந்து, விழுந்த பின்னும் ஓடும். தோள்களைச் சரிவுக்கு இணையாக வைத்துக்கொண்டு, முன்னதில் ஒரு மட்டை கூட்டியும் பின்னதில் ஒரு மட்டை குறைத்தும் அடிப்பது வழக்கம். கால் நழுவாத அளவுக்கே வீச்சு இருக்க வேண்டும். முழு வீச்சில் அடித்துக் கீழே உருண்டவரையும் கண்டிருக்கிறேன். அவர் பந்து உருளவில்லை, அவர் உருண்டார்.

ஆனால் சரிவில் எப்படி அடிப்பது என்பதைவிட, சரிவில் நில்லாமல் இருப்பது எப்படி என்பதே முதன்மையான வினா. தொடக்க மேடையில் நிற்கும்போது பந்தை வைக்கும் இடம் சமதரை. அங்கே ஆட்டக்காரனுக்கு முழு உரிமை உண்டு. அடுத்த அடியை எங்கே நின்று அடிப்பது என்பதை அவனே தீர்மானிக்கலாம். பால்மரம் நட்ட மேடுகளில் படிக்கட்டுப் போல் தட்டுகள் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்போம். மலைத்திடலின் புற்பாதையிலும் இத்தகைய தட்டுகள் உண்டு. சில இயற்கையாக அமைந்தவை, சில திடல் அமைத்தோர் வேண்டுமென்றே வெட்டியவை. 180 மீட்டரில் ஒரு தட்டு இருக்கிறது, அதற்கப்பால் பாதை சரிந்து இறங்குகிறது என்று கொள்வோம். 215 மீட்டர் அடிக்க வல்லவர் பெரிய மட்டையை எடுத்து அடித்து இறங்குசரிவின் நடுவில் போய் நிற்பார். 180 மீட்டரோடு நிறுத்தியவர் 35 மீட்டர் பின்னே, ஆனால் சமதரையில் நிற்பார். அடுத்த அடியில் யாருக்கு வாய்ப்பு மிகுதி என்பதை முயன்று பார்த்தால் தெரியும்.

இங்கே ஒரு மறுப்பையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இலட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு நூல் வெளியிட்டார். தேர்ந்தவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நெடுந்தூர அடிகளிலேயே விளைகிறது என்றும், பொதுவாகக் குழிக்கு அருகில் செல்வது நன்மையே என்றும் அவர் காட்டினார். ஆகவே, அஞ்சி அஞ்சிக் குறுக்கி அடிப்பது சூழ்ச்சி ஆகாது. சமதரையில் 35 மீட்டரை விட்டுக்கொடுப்பது வீண். சரிவும் மரமும் குறுக்கே நிற்கையில், எதைப் பெறுவதற்காக அதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுப்பதே நான் சொல்வது.

பாதை முழுதும் பக்கவாட்டில் சரிந்திருந்தால் மேட்டுப்புறம் குறிவைப்பது எளிய முறை. பந்து தானே இறங்கி நடுவுக்கு வரும். குழித்தரையிலும் கண் ஏமாறும். மலைச்சரிவில் வெட்டிய குழித்தரை, நீர் வடிவதற்காகப் பெரும்பாலும் மலைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்கும். சுற்றியுள்ள மலை முழுதும் சாய்ந்திருப்பதால் கண் அதையே சமதரையாகக் கொண்டு, குழித்தரையின் சாய்வைக் குறைத்து மதிப்பிடுகிறது. பந்து மலையை விட்டு விலகியே உருளும் என்று மலைத்திடல்களில் ஆடுவோர் சொல்வது இதனால்தான். முற்றும் நம்பத்தக்கது அல்ல என்றாலும், ஐயம் வந்தபோது அந்தப் பக்கம் சாய்வது தவறாகாது. அதைவிட, குழிக்குக் கீழ்ப்புறமாகப் பந்தை நிறுத்திவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது: மேல்நோக்கி உருட்டும் பந்து தவறினாலும் அருகிலேயே நிற்கும், கீழ்நோக்கி உருட்டியது தவறினால் குழித்தரையை விட்டே வெளியேறக்கூடும்.

மரங்களுக்கிடையே தெரியும் வழி

இப்போது பந்து காட்டுக்குள் போய்விட்டது. தேடுவதற்கு முன்பு ஒரு விதி: பந்து காணாமல் போயிருக்கும் என்று ஐயம் தோன்றினால், புறப்படுமுன் அதே இடத்திலிருந்து மாற்றுப் பந்து ஒன்றை, மாற்றுப் பந்து என்று சொல்லியே அடித்துவிட்டுப் போக வேண்டும். 2019 வரை தேடுவதற்கு 5 நிமிடம் இருந்தது. இப்போது 3 நிமிடமே. மலையேறி, தேடி, இல்லையென்று கண்டு, மறுபடி இறங்கி முன்னைய இடத்துக்குத் திரும்புவது அடியையும் காலையும் ஒருங்கே இழப்பதாகும்.

பந்து கிடைத்துவிட்டது. எதிரே இரு மரங்களுக்கிடையில் ஒரு வழி தெரிகிறது, அதற்கப்பால் கொடி. பக்கவாட்டில் புற்பாதை இருபது மீட்டரில் இருக்கிறது. என்ன செய்வது? இந்த ஓரிடத்தில்தான் மலைத்திடலின் ஆட்டம் பெரும்பாலும் வெல்லவோ தோற்கவோ படுகிறது.

அமெரிக்க ஆட்டக்காரர் பில் மிக்கெல்சன் வாழ்க்கையில் இதற்கு இரு விடைகளும் உள்ளன. 2006-ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுப் போட்டி நியூயார்க்குக்கு அருகே, மரங்கள் அடர்ந்த விங்ட் ஃபுட் திடலில் நடந்தது. இறுதிக் குழிக்கு வந்தபோது அவர் ஓரடி முன்னணியில் இருந்தார். நான்கு அடியில் முடித்தால் வெற்றி. ஐந்தில் முடித்தால் சமன், மறுநாள் மீண்டும் ஆடலாம். முதல் அடி இடப்புறம் வெகுதூரம் விலகி மரங்களின் பக்கம் சென்றது. பக்கவாட்டில் தட்டிவிட்டிருந்தால் ஐந்தேனும் கிட்டியிருக்கும். அவரோ மரத்தைச் சுற்றி வளைத்துக் குழித்தரைக்கே அனுப்ப முயன்றார். பந்து மரத்தில் பட்டு இருபது மீட்டர் அளவே நகர்ந்தது. ஆறு அடியில் முடித்தார். கோப்பை ஆஸ்திரேலியரான ஜெப் ஓகில்விக்குப் போயிற்று. தம்மைத் தாமே மடையர் என்று அவர் அன்று நிருபர்களிடம் நொந்துகொண்டார்.

நான்கு ஆண்டு கழித்து, 2010-இல், அகஸ்தா திடலில் மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாள். பாபி ஜோன்சும் அலிஸ்டர் மெக்கன்சியும் வடிவமைத்த அத்திடலில், தொலைக்காட்சியில் தட்டையாகத் தெரிந்தாலும், பத்தாம் குழி முப்பது மீட்டருக்கு மேல் இறங்குகிறது. 13-ஆம் குழியில் அதே மிக்கெல்சனின் பந்து பைன் மரச் சருகுகள்மேல், இரு மரங்களுக்குப் பின்னால் கிடந்தது. இடைவெளி சிறியது, குழித்தரைக்கு முன்னே ஓர் ஓடை. இம்முறையும் அவர் துணிந்தார். பந்து இடைவெளியில் புகுந்து, ஓடையைத் தாண்டி, குழிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டரில் நின்றது. அந்தப் போட்டியை மூன்று அடி வேறுபாட்டில் வென்றார். இன்றளவும் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது இந்த அடியைத்தான். நம்மைப் போன்றவர்களைக் கெடுப்பதும் இந்த நினைவுதான்.

ஆகவே நினைவை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. அவரவர் திறமைக்கேற்ப மாற்றிக்கொள்க. பக்கவாட்டில் தட்டினால் ஓரடி, புற்பாதையிலிருந்து முடிக்கச் சராசரி மூன்றரை அடி, ஆக நான்கரை. இடைவெளியில் புகுத்தி வென்றால் ஓரடியும், அதன்பின் சராசரி இரண்டே முக்காலும். ஆக மூன்றே முக்கால். மரத்தில் பட்டால் அந்த அடி வீண், பிறகு பக்கவாட்டில் தட்டி முடிக்க நான்கரை, ஆக ஐந்தரை. மூன்றில் ஒரு முறை வெல்வோம் என்றால் சராசரி ஏறக்குறைய ஐந்து வரும். பக்கவாட்டு வழியைவிட அரையடிக்குச் சற்றே குறைய நட்டம். இரு வழியும் சமனாக வேண்டுமானால் ஏழு முறையில் நான்கு முறையாவது வென்றாக வேண்டும். பட்ட பந்து மேலும் உள்ளே தெறிக்கும் தீமையை நான் இதில் சேர்க்கவே இல்லை. ஆதாயத்தை எண்ணி முதலையும் இழத்தல் ஆகாது என்ற கருத்தைத் திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகையில் வைத்து, அதையடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுக்கிச் சென்ற முறை இங்கே எனக்கு நினைவுக்கு வருகிறது. அவர் அரசியலுக்குச் சொன்னார். வைப்புமுறை இவ்விடத்துக்கும் பொருந்துகிறது.

மரம் என்பது பத்தில் ஒன்பது பங்கு காற்றுத்தானே, இலைக்குள் அடித்தால் புகுந்துவிடும் என்று திடல்களில் ஒரு பேச்சு உண்டு. அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பத்தில் ஒன்பது வாய்ப்பு என்றே வைத்துக்கொள்வோம். மரத்தின் தலை ஒரு மீட்டரா ஆழம்? ஐந்து மீட்டர் இருந்தால் பத்தில் ஒன்பதை ஐந்து முறை பெருக்க வேண்டும். வாய்ப்பு பத்தில் ஆறுக்கும் கீழே போய்விடும். பத்து மீட்டர் இருந்தால் மூன்றில் ஒன்று. இலையில் உரசித் தப்பினாலும் வேகம் குறைந்து கீழே விழும்.

பந்து வேர்களுக்கிடையில் சிக்கி அடிக்கவே இயலாதெனில், விதி மூன்று வழிகளைத் திறக்கிறது. மூன்றுக்கும் தண்டம் ஓரடி. முன் அடித்த இடத்துக்கே திரும்பலாம். குழிக்கும் பந்துக்கும் நேர்க்கோட்டில் எவ்வளவு தூரமும் பின்வாங்கலாம். இரு மட்டை நீளத்துக்குள், குழியை அணுகாமல், பக்கத்தில் போடலாம். காட்டில் மூன்றாவது வழி பெரும்பாலும் இன்னொரு மரத்தடிக்கே கொண்டுபோய் விடும். பின்வாங்கும் வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. பழைய தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பால்மரக்காட்டில் நிரையின் முனையில் நின்றால் கண்ணுக்கெட்டிய வரை நேரான வழி தெரியும்; இரண்டடி தள்ளி நின்றால் மரச்சுவர்தான். இந்நாட்டின் திடல்கள் பல முன்பு தோட்டங்களாக இருந்தவை. அங்கே எஞ்சிய மர வரிசைகளுக்கிடையில், பத்து மீட்டர் பின்வாங்குவதால் ஒரு நிரை முழுதும் திறந்துகொள்வதும் உண்டு.

பை சுமந்தவர்களிடையே இருந்த இவ்வறிவெல்லாம் ஏட்டில் ஏறவில்லை. மாரிமுத்து இராமையா, பெரியசாமி குணசேகரன் ஆகிய தமிழர்கள் உலகக் கோப்பைக் கோல்ப் போட்டியில் மலேசியாவின் சார்பில் ஆடியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றியேனும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மின்வண்டி வந்தபின் பை சுமப்போர் அருகிவிட்டனர். முதியவர்களிடம் கேட்டு, எந்தச் சரிவில் எந்தப் பக்கம் என்று எழுதி வைக்கும் வேலையை யாரேனும் செய்தால் நன்று.

இனி இறுதி ஐந்தாறு குழிகள். மலையேறி இறங்கிய கால்கள் அப்போது தளர்ந்திருக்கும். அதே மட்டை காலையில் சென்ற தூரம் செல்லாது. ஒரு மட்டை கூட்டி, வீச்சைக் குறைத்து ஆடுவதே தக்கது. கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகலில் மலைத்தொடரின் மேல் மேகம் திரண்டு இடி இறங்குவது வழக்கம். மலைத்திடலில் மேட்டின் உச்சியும் தனிமரத்தின் அடியும் அந்நேரம் நிற்கத் தகாத இடங்கள். நிருவாகம் சங்கு ஊதி ஆட்டத்தை உடனே நிறுத்தச் சொன்னால், அடிக்க ஓங்கிய மட்டையையும் இறக்கிவிட வேண்டும். சங்கு ஒலிக்காவிட்டாலும், மின்னலால் ஆபத்து என்று தக்க காரணத்தோடு கருதினால் ஆட்டக்காரர் தாமே நிறுத்திக்கொள்ள விதி இடந்தருகிறது. பந்து கிடந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு இறங்கிவிடலாம். மழை விட்டதும் அங்கிருந்தே தொடரலாம்.